பதினோரு மணிப் பள்ளிக்கூடம்

முப்பத்துமூன்று வருடம் வாத்தியார் வேலை பார்த்ததில் நான் வாங்கியது ஒரே ஒரு மெமோ. வாங்கிய பாராட்டுக் கடிதங்கள் எங்கே போயினவோ தெரியாது. கரையான் தின்றிருக்கலாம், வீடு மாறும்போது நானே பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்கலாம். மெமோ மட்டும் பத்திரமாக இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியைகள் யாராவது வீட்டுக்கு வந்தால் அதை எடுத்துக் காட்டுவேன். "அம்மா, இதைப் போய் யாராவது காட்டுவாங்களா?" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள். காட்டத்தான் காட்டுவேன். சம்பாதித்த பொருளைக் காட்டுவதில் என்ன வெட்கம்?

எழுபதுகளின் நடுவில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் வீடு வரிச்சிக்குடியில். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல்வயல். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் உத்தரவு வந்த அன்று அம்மா தெருவுக்கே கேசரி கிண்டினாள். எந்த ஊர் என்று தெரிந்ததும் பாதிப் பேருடைய முகம் மாறிவிட்டது. கிளிஞ்சல்மேட்டைத் தாண்டிக் கடலோரமாக இருந்த ஒரு மீனவக் குப்பம் அது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தக் கதையில் வருகிறவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். மீன் வாடை அடிக்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்று அத்தை ஒருத்தி அம்மாவிடம் கவலைப்பட்டாள். அதே அத்தை ஒரே மாதத்தில், நல்ல வஞ்சிரமாகக் கிடைத்தால் வாங்கி வரும்படி எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி இருபது நிமிடம் மணலில் நடக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்பது நாட்டு ஓடு போட்ட ஒற்றை அறை. அதற்குள் ஐந்து வகுப்புகள், நாற்பத்தொரு பிள்ளைகள், நான் ஒருத்தி. உப்புக் காற்றில் சாக்பீஸ் ஊறிப்போய்ப் பலகையில் எழுதாது. அலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என் குரல் ஒரேயடியாகத் தடித்துவிட்டது. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறது என்று அப்பா சொல்வார். பாடம் நடத்துவது போதாது என்று வாக்காளர் பட்டியல், குடிக்கணக்கு, அம்மை ஊசிக்கு ஆள் சேர்ப்பது என்று அரசாங்கத்துக்கு எந்த வேலை நினைவுக்கு வந்தாலும் அது எங்கள் தலையில் வந்து விழும். இதையெல்லாம் நான் பெரிய கஷ்டமாக நினைக்கவில்லை. இளவயசு. உடம்பில் தெம்பும் மூக்கின் மேல் கோபமும் நிறைய இருந்தன.

என்னால் தாங்க முடியாதது வேறு. காலை ஒன்பதரைக்கு மணி அடிப்பேன். நாலு பிள்ளைகள் வருவார்கள். நாலே நாலு. மற்றவர்கள் பதினோரு மணிவாக்கில், கால் முழுக்க மணலும் கையில் மீன் செதிலுமாக, ஒன்றும் நடக்காதது போல உள்ளே வந்து உட்காருவார்கள். இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம் பத்து மணிக்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் மறுநாள் அப்பன்மார் பிள்ளைகளைக் காதைப் பிடித்து இழுத்து வந்து விட்டுப் போவார்கள். இங்கேயும் அதுதான் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் ஒருவரும் வரவில்லை. வழக்கமாக வரும் அந்த நாலு பேர்கூட வரவில்லை.

மூன்றாம் நாள், மீன் கூடையோடு பள்ளி வழியாகப் போன ஓர் அம்மா வாசலில் நின்றாள். அவளுடைய பெண் நாலாம் வகுப்பு; கணக்கில் கெட்டிக்காரி. கூடையை இறக்காமலே பேசினாள்.

"மரம் கரைக்கு வர்ற நேரத்துல மணி அடிக்கிறீங்களே டீச்சர், புள்ளைங்க மரத்தப் பாக்குமா, மணியப் பாக்குமா?"

அவள் மரம் என்றது கட்டுமரத்தை. இருட்டோடு கடலுக்குப் போன கட்டுமரங்கள் ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பும். அலையிலிருந்து மேலே இழுக்கவும், வலையை உதறவும், மீனைப் பொறுக்கவும் பிள்ளைகள் கை கொடுப்பார்கள். கை கொடுத்த பிள்ளைக்கு ஒரு கை மீன் உண்டு. அன்றைய வீட்டுக் குழம்பு அதுதான். அந்த நேரத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒழுக்கம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வயல்காட்டு வீட்டில் பிறந்தவளுக்கு நடவு தெரியும், அறுப்பு தெரியும். கடலுக்கும் ஒரு பள்ளிக்கூட மணி இருக்கிறது என்பது தெரியாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை வெளியே காட்டிக்கொள்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. நாளைக்கு எல்லோரையும் அனுப்பும்படி மட்டும் அவளிடம் சொன்னேன்.

அதற்கப்புறம் நேரத்தை நானே மாற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை. ஒன்பதரைக்கு வருகிற நாலு பேரோடு அரிச்சுவடியும் வாய்ப்பாடும் நடக்கும். பதினோரு மணிக்கு அறை நிறைந்ததும் உண்மையான பாடம் தொடங்கும். மத்தியானம் அரை மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டு, மாலை ஐந்தரை வரை விடாமல் நடத்துவேன். ஒன்றாம் வகுப்பு வெளியே மணலில் எழுதும், ஐந்தாம் வகுப்பு மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு கேட்கும், நான் நடுவில் நின்று எல்லோரையும் அதட்டுவேன். அமாவாசைக்குக் கடலுக்குப் போக மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் ஒன்பதரைக்கே நாற்பத்தொரு தலையும் இருக்கும். அமாவாசையை நாள் பார்த்துக் காத்திருந்த ஒரே சர்க்கார் ஊழியர் நானாகத்தான் இருப்பேன். ஆறே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் செய்தித்தாளைப் பிரித்துப் படித்தார்கள். பொட்டலம் கட்டி வந்த கிழிந்த தாளைக்கூட விடவில்லை.

வினை வருகைப் பதிவேட்டில் வந்தது. காலையில் வந்த பிள்ளைக்கு ஒரு சாய்வுக் கோடு, மத்தியானமும் இருந்தால் அதன் குறுக்கே இன்னொரு கோடு. நாள் முழுக்க இருந்த பிள்ளையின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி விழும். மணி அடித்து அரை மணிக்குள் காலை வருகையை எடுத்து முடித்துவிட வேண்டும் என்பது விதி. நானும் அப்படியே பத்து மணிக்கு முடித்தேன். நாலு பேருக்குக் கோடு, முப்பத்தேழு பேர் வரவில்லை. மத்தியானம் நாற்பத்தொரு பேருக்கும் கோடு. அந்த நாலு பெயரைத் தவிர்த்தால், மாதம் முழுக்க என் பதிவேட்டில் பெருக்கல் குறியே அபூர்வம். ஒற்றைக் கோடுகள் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி பக்கம் பக்கமாக நின்றன.

எங்கள் வட்டாரத்துச் சின்னப் பள்ளிகளின் கணக்கெல்லாம் டவுனில் இருந்த ஒரு பெரிய பள்ளியின் தலைமையாசிரியர் வழியாகத்தான் மேலே போகும். நல்ல மனிதர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. பதிவேட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிள்ளைகள் பதினோரு மணிக்கு வருவது நிஜம்தானே, வந்த பிறகு அந்தக் கோட்டையும் போட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் செய்வதுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பிள்ளை ஏழெட்டு ஐம்பத்தைந்து என்று சொன்னால் காதைத் திருகுகிறவள், நானே தப்புக் கணக்கு எழுதினால் எந்த முகத்தோடு பலகை முன்னால் நிற்பது என்று கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டு அப்படியே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

மெமோ வந்தது. அதில் இரண்டு விஷயங்கள். அனுமதியின்றிப் பள்ளி நேரத்தை மாற்றிய என் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். இரண்டாவது, சராசரி வருகை குறைவாக இருப்பதால் இந்தப் பள்ளியை மூடி, இரண்டு மைல் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்க்கலாமா என்று கல்வி அதிகாரி நேரில் பார்த்து முடிவெடுப்பார். புதன்கிழமை வருவார் என்று தேதியும் போட்டிருந்தது.

முதலாவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நடுவில் ஒரு வாய்க்கால் முகத்துவாரம். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். அதைத் தாண்டி இரண்டு மைல் எந்தப் பிள்ளையும் போகாது. பையன்களில் நாலைந்து பேர் போகலாம். பெண்களில் ஒருத்திகூடப் போக மாட்டாள். அந்த நாலாம் வகுப்புக் கணக்குக்காரி மறுநாளிலிருந்து கூடை தூக்கத் தொடங்கிவிடுவாள்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. பள்ளியை மூடினால் எனக்கு லாபம். கோவில்பத்தில் ஓர் இடம் காலி. அங்கே மாற்றல் கிடைக்கும் என்று தலைமையாசிரியர் சூசகமாகச் சொன்னார். மணல் நடை கிடையாது, ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர், பஸ் வாசலிலேயே நிற்கும். அப்பா ரகசியமாகச் சந்தோஷப்பட்டார். வரன் பேசுவதற்கும் அது வசதி. பேசாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். என்னைப் பெற்று வளர்த்தவர்கள் இப்படி நினைத்ததுதான் ஆச்சரியம்.

விளக்கம் எழுதினேன். ஒரு பக்கம்தான். பிள்ளைகள் எப்போது இருக்கிறார்களோ அப்போது பாடம் நடத்தினேன், இல்லாத நேரத்தில் இல்லை என்று எழுதினேன், இரண்டில் எது குற்றம் என்று தெரிவிக்கவும் என்று முடித்தேன். இப்போது படித்தால் எனக்கே கொஞ்சம் திமிராகத்தான் தெரிகிறது.

குப்பத்தில் யாரிடமும் உதவி கேட்கவில்லை. மீன்கூடை அம்மா ஒருநாள் ஏன் முகம் வாட்டமாக இருக்கிறது என்று விசாரித்தபோது மட்டும் எரிச்சலில் கொட்டிவிட்டேன். புதன்கிழமை அதிகாரி வருகிறார், ஒன்பதரைக்குப் பள்ளி காலியாக இருப்பதைப் பார்ப்பார், மூடிவிட்டுப் போவார், அப்புறம் உங்கள் பிள்ளைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி மணல் மேட்டில் ஏறினேன். கரை நெடுகக் கட்டுமரங்கள். காய்ந்துபோய் வரிசையாகக் கிடந்தன. கடலில் ஒன்றுகூட இல்லை. அமாவாசைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அமாவாசை தவிர்த்து அந்த ஊர் மொத்தமும் தொழிலை நிறுத்துகிறது என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான், சாவு. யார் போய்விட்டார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். என் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

பள்ளிக்கூடத்தில் நாற்பத்தொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. தலையில் எண்ணெய் வழிந்து நெற்றியில் இறங்கியிருந்தது. வெளியே ஊர்ப் பஞ்சாயத்தார், அவர்களுக்குப் பின்னால் ஊர். மூச்சு வாங்கியபடி யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பஞ்சாயத்துத் தலைவர் எங்கள் அப்பா வயதுக்காரர், என்னிடம் அதுவரை நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஊர் கூடிப் பேசி இன்றைக்கு யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிட்டோம், நீங்கள் போய் மணி அடியுங்கள் என்றார்.

அந்த ஊரில் ஒருநாள் கடலுக்குப் போகாவிட்டால் ஒருநாள் அடுப்பு எரியாது. அது எனக்குத் தெரியும். மணி அடித்தேன்.

பத்து மணிக்கு ஜீப்பில் அதிகாரி வந்தார். எங்கள் பக்கத்தைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் படித்தவர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நிறைந்த வகுப்பைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. பதிவேட்டைப் புரட்டினார், பிள்ளைகளை எண்ணினார், மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். பள்ளியை மூட அவருக்கும் ஆசை இல்லை என்பது தெரிந்தது. வருகை இப்போது சீராகிவிட்டது என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டார்.

நான் தலையாட்டியிருந்தால் போதும். ஜன்னல் முழுக்க முகங்கள். எல்லோரும் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அடுத்த நாளைப் பற்றித்தான் நினைப்பு ஓடியது. சீராகிவிட்டது என்று எழுதினால் நாளைக்கும் ஒன்பதரைக்குச் சீராக இருக்க வேண்டும். அதற்கு ஒன்று இவர்கள் தினமும் பட்டினி கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் தினமும் பொய் எழுத வேண்டும்.

"எழுதாதீங்க சார்," என்றேன். "இன்னைக்கு ஊர்ல யாரும் கடலுக்குப் போகல. அதனாலதான் புள்ளைங்க இருக்காங்க. நாளைக்கு இந்த நேரத்துக்கு வந்தீங்கன்னா நாலு பேருதான் இருப்பாங்க."

வெளியே ஒரு சலசலப்பு. தலைவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. அப்படியானால் தனக்காக நாடகம் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்.

"நாடகத்துக்காக யாரும் ஒருநாள் சோத்த விட மாட்டாங்க சார்."

இதைச் சொல்லும்போது என் தடித்த குரல் உடைந்துவிட்டது. அதிகாரி எழுந்து வெளியே போனார். பள்ளியை ஒட்டி நின்று கரையைப் பார்த்தார். அப்புறம் தலைவரைக் கூப்பிட்டு, தினமும் இப்படி நிறுத்த முடியுமா என்று கேட்டார்.

"தெனம் முடியாதுங்க," என்றார் தலைவர். "ஆனா பள்ளிக்கூடத்த எடுத்துருவீங்கன்னா, இன்னும் எத்தன நாளு நிறுத்தணும்னு சொல்லுங்க. நிறுத்துறோம்."

அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்தார். ஐந்தாம் வகுப்பைப் படிக்கச் சொன்னார். நாலாம் வகுப்புக்கு ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார். மீன்கூடைக்காரியின் பெண் மற்றவர்கள் முடிப்பதற்கு முன்பே சிலேட்டை நீட்டினாள். மாலை எத்தனை மணி வரை நடத்துகிறாய் என்று என்னிடம் கேட்டார். ஐந்தரை என்றேன். ஞாயிற்றுக்கிழமை பற்றியும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையாவது என்னை விடுங்கள் சார் என்றேன். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். பிறகு பார்வையாளர் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். கடல் தொழிலை ஒட்டி இந்தப் பள்ளி காலை பதினோரு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடியலாம், காலை வருகையைப் பதினோரு மணிக்கே எடுக்கலாம் என்று நாலு வரி. மேலே கையெழுத்து வாங்கி வருவது தன் பொறுப்பு என்றார். வாங்கியும் கொடுத்தார். மெமோவைப் பற்றிக் கேட்டேன்.

"அது அப்படியே இருக்கட்டும்மா. கேக்காம நேரத்த மாத்தினது தப்புதான்."

ஜீப் போனதும் தலைவர் என் பக்கம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவருக்கு அதற்கான உரிமை இருந்தது. அந்த ஆள் எழுதுகிறேன் என்று சொன்னபோது நீங்கள் வாயைத் திறந்ததும் எல்லாம் போயிற்று என்று நினைத்துவிட்டோம் என்றார். அவ்வளவுதான். அப்புறம் ஆண்கள் எல்லோரும் வலையைச் சரிபார்க்கப் போனார்கள். அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரிச்சிக்குடி வரும் வரை அழுதேன். சந்தோஷத்தில்தான். பக்கத்தில் இருந்த அம்மாள் யார் செத்தது என்று கேட்டாள்.

கோவில்பத்து இடத்துக்கு வேறு யாரோ போனார்கள். நான் அந்தக் குப்பத்தில் பதினோரு வருடம் இருந்தேன். மீன் வாடை அடிக்கிற பெண்ணைக் கட்ட ஒருவரும் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு பெரிய பள்ளிகள், பெரிய பதவி எல்லாம் பார்த்தாயிற்று. மேடையில் பொன்னாடை போட்டவர்களும் உண்டு. ஆனால் எனக்காக ஓர் ஊர் ஒருநாள் கடலில் இறங்காமல் இருந்தது. எனக்காக என்றுகூடச் சொல்லக் கூடாது, பள்ளிக்கூடத்துக்காக. அந்தப் பள்ளிக்கூடம் நானாக இருந்தேன். எந்த வாத்தியாரிடம் வேண்டுமானாலும் இதை நிமிர்ந்து நின்று சொல்வேன்.

அந்தப் புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமை. மணல் மேட்டில் ஏறியபோது கரை காலியாக இருந்தது. மரங்கள் எல்லாம் கடலில் இருந்தன. ஒன்பதரைக்கு நாலு பேர் வந்தார்கள். வாய்ப்பாடு சொன்னோம். பத்தேமுக்காலுக்கு மேல் மற்றவர்கள் மணல் காலோடு ஓடி வந்தார்கள். வாசல் தொட்டியில் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பதினோரு மணிக்குப் பெயர்களைக் கூப்பிட்டேன். நாற்பத்தொரு பேரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள். அப்படியே எழுதினேன்.